மாட்னிக்குச் செத்தவர்கள்

எனக்குக் கல்யாணமாகித் திருவனந்தபுரம் கோட்டைக்குள் வந்து சேர்ந்த முதல் இரண்டு வருஷத்தில், என் பிறந்த வீட்டு உறவில் ஆறு பேர் செத்துப்போனார்கள். ஆறு பேரும் சனிக்கிழமை மத்தியானத்தில்தான் செத்தார்கள். ஒருத்தருக்கும் ஒரு தலைவலிகூடக் கிடையாது. எல்லோரும் திருநெல்வேலிச் சீமையில் அவரவர் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சாகடித்தது நான்தான். சினிமாவுக்காகச் சாகடித்தேன்.

கேட்கிறவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகப் படும். படட்டும். பதினேழு வயசில் ஒரு தெருவில் மருமகளாக வந்து விழுந்து, ஊரெல்லாம் பேசும் படம் பார்த்துவிட்டுப் பாட்டாகப் பாடிக்கொண்டு போகும்போது, அடுக்களையில் கடுகு தாளித்துக்கொண்டு நின்றவளுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும்.

எங்கள் வீட்டில் மூன்று பேர்தான். மாமனார் ஹஜூர் கச்சேரியில் ஹெட் கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்கினவர். காலையும் மாலையும் பத்மநாபசுவாமியைச் சேவிப்பது, நடுவில் பேப்பர் படிப்பது, இந்த இரண்டைத் தவிர அவருக்கு வேறு ஜோலி இல்லை. பேச்சு மகா கம்மி. மாமியார் குள்ளமாக, சுறுசுறுப்பாக, மூக்கில் வைர பேஸரியோடு, அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். மூன்றாவது நான். என் கணவர் பொன்முடி ரோட்டில் ஓவர்சியர். வளைவுக்கு வளைவு மண் சரிகிற அந்த மலையிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருதரம் இறங்கி வருவார். வந்தால் பாதி நேரம் தூங்குவார்.

நான் வந்த முதல் வாரமே மாமனார் ஒரு சட்டம் சொல்லிவிட்டார். தெருக்கோடி வீட்டு மன்னி சினிமாப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போனாள். மாமனார் பேப்பரைக் கீழே வைத்தார்.

"இந்தாத்துப் பொண்கள் கொட்டகைப் படி ஏறினா, திரும்பி இங்கே வரண்டாம். அங்கேயிருந்தே நாகர்கோவில் பஸ் ஏறிடலாம்" என்றார்.

சொன்னால் சொன்னதுதான். முப்பது வருஷம் கச்சேரியில் ஒரு வார்த்தையை இரண்டாம் தரம் மாற்றிச் சொல்லாதவர் என்று பெயர் வாங்கின மனுஷர். கொட்டகையோ தம்பானூர்ப் பக்கம், பஸ் நிற்கிற இடத்துக்குக் கூப்பிடு தூரம்தான். 

ஆனால் சினிமாக்காரன் சும்மா இருக்க விடுகிறானா? வெள்ளிக்கிழமை தோறும் புதுப் படத்துக்கு மாட்டு வண்டி கிளம்பும். இரண்டு பக்கமும் படம் ஒட்டின தட்டி, முன்னால் செண்டை மேளம். சாலைக் கடைத்தெருவைச் சுற்றிவிட்டுப் பழவங்காடியில் வந்து நின்று கொட்டித் தள்ளுவான். அந்தச் சத்தம் கோட்டை மதிலைத் தாண்டி எங்கள் கிணற்றடி வரைக்கும் வரும். பிள்ளைகள் ஓடிப்போய் மஞ்சளும் ரோஸுமாக நோட்டீஸ் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். அதை ஒரு தரம் வாங்கிப் பார்த்துவிட்டேனானால் அன்றைக்கு ரசத்தில் உப்பு இருக்காது.

தெருக்கோடி மன்னிதான் வழி சொன்னாள். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவள், மூன்று குழந்தைக்காரி, பயம் என்பதே அறியாதவள். சனிக்கிழமை மத்தியானம் கரமனையில் அவள் சித்தி வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லிக் கிளம்ப வேண்டியது. கொட்டகையில் மாட்னி பார்க்க வேண்டியது. விளக்கு வைப்பதற்குள் வீடு வந்துவிட வேண்டியது.

இதில் ஒரே ஒரு சிக்கல். சினிமாக் கொட்டகை ஊரில் எல்லா ஜாதியும் இடித்துக்கொண்டு உட்காருகிற இடம். அங்கே போய்விட்டு வந்தால் தலைக்குக் குளிக்காமல் அடுக்களைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் தெரு ஆசாரம். அதை ஏற்படுத்தினவர்களைப் பற்றி இப்போது எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அப்போது நானும் அதற்குள்தான் கிடந்தேன். வேடிக்கையைப் பாருங்கள், பொய் சொல்ல எனக்கு நாக்குக் கூசவில்லை. மாமனார் முகத்தைப் பார்த்து, கரமனைச் சித்திக்கு முழங்கால் வலி என்று சொல்லிவிடுவேன். ஆனால் குளிக்காமல் போய் அடுப்பைத் தொட ஒருநாளும் மனசு துணியவில்லை. மன்னிக்கும் அப்படித்தான். கொட்டகையிலிருந்து நேரே தெருக்குளத்துக்குப் போய் மூன்று முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவோம்.

இடுப்பு வரைக்கும் முடி. திருவனந்தபுரத்து ஈரக்காற்றில் அது சாயங்காலம் எங்கே உலரும்? விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு பெண் ஈரத்தலையோடு வந்து நின்றால் எங்கள் தெருவில் அதற்கு இரண்டே அர்த்தம். ஒன்று, சினிமா பார்த்தவள். இல்லையென்றால், உறவில் யாரோ போய்விட்ட செய்தி கேட்டு முழுகினவள். அதனால்தான் படத்துக்கு ஒரு ஆள் செத்தாக வேண்டியிருந்தது.

ஆளைப் பொறுக்குவது லேசில்லை. ரொம்ப நெருங்கின உறவாக இருந்தால் மூன்று நாள் தீட்டு வந்து ஒட்டிக்கொள்ளும், ஊரிலிருந்து யாரும் எழுதவில்லையே என்று கேள்வியும் வரும். ரொம்பத் தள்ளின உறவென்றால் குளிக்கவே வேண்டியதில்லை. ஒரே ஒரு முழுக்கோடு தீர்ந்துபோகிற உறவாக இருக்க வேண்டும். வாரம் முழுக்க அரிசி களைந்துகொண்டே மனசுக்குள் என் குலத்தை நூல் பிடித்துக்கொண்டு போவேன். அப்பாவின் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருத்தர். அம்மா வழியில் ஒரு பெரியம்மாவின் மைத்துனர். யாரென்றே எனக்குச் சரியாகத் தெரியாத ஒரு தூத்துக்குடிக்காரர். "கரமனையில் திருநெல்வேலிக்காரா ஒருத்தரைப் பார்த்தோம், சேதி சொன்னார்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

அதற்குக் கிடைத்த சுகம் இருக்கிறதே! பெண்களுக்குத் தனி வாசல், தனி பெஞ்சு, நடுவில் ஒரு படுதா. விளக்கணைந்த பிறகுதான் படுதாவை ஒதுக்குவார்கள். ஒரே மிஷின் என்பதால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் படத்தை நிறுத்தி விளக்கைப் போடுவார்கள். உடனே நாங்கள் எல்லோரும் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொள்வோம். காட்டில் புருஷனைத் தேடி அழுகிறவள் பாதி அழுகையில் நிற்பாள், நாங்கள் முறுக்குத் தின்போம். மறுபடி விளக்கணைந்ததும் அவளும் அழ ஆரம்பிப்பாள், நாங்களும் ஆரம்பிப்போம். படத்துக்கு இருபத்தைந்து பாட்டு. ராஜா யுத்தத்துக்குப் போவதற்கு முன்னால் ஒன்று பாடுவான், அம்பு பட்டு விழுந்த பிறகு இரண்டு பாடுவான். பின்னால் மலை இருக்கும், காற்றடித்தால் மலை ஆடும். எங்களுக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. பக்கத்து பெஞ்சில் மலையாளத்துக்காரிகள், அவர்கள் பக்கத்தில் சாலைக் கடைக்காரர் வீட்டுப் பெண்கள். எல்லோரும் ஒரே இடத்தில் மூக்கைச் சிந்துவோம். திரும்பும்போது குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு மன்னியும் நானும் பாட்டுகளை ஞாபகப்படுத்திப் பார்ப்போம். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக நான் இன்றுவரை எதையும் பார்க்கவில்லை.

ஆறாவது ஆளாகத்தான் என் மாமாவைச் சாகடித்தேன். அந்த வாரத்துப் படத்தை மறுநாளோடு தூக்கப்போகிறார்கள் என்று மன்னி ஓடிவந்து சொன்னாள். அவசரத்தில் ஆள் யோசிக்காமல் கிளம்பிவிட்டேன். ஈரத்தலையோடு வந்து நின்றபோது மாமியார் "யாருடீ?" என்று கேட்க, வாயில் முதலில் வந்தவரைச் சொல்லிவிட்டேன். "அப்பாவோட அத்தை பிள்ளை. எனக்கு மாமா முறை."

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. மற்றவர்களெல்லாம் எனக்கு வெறும் பெயர். இவர் அப்படியில்லை. தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமத்தில் போஸ்ட்மாஸ்டர். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். ஏழு வயசில் என்னை முதன்முதலாகக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனதே அவர்தான். அது பேசாத படம். திரையில் வருகிற எழுத்தை எனக்காக வாசித்துச் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் முதலில் "சும்மா இருமய்யா" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் "உரக்க வாசியுமய்யா" என்றார்கள். மொத்தக் கொட்டகைக்கும் அன்றைக்கு அவர்தான் கதை சொன்னார். அப்பேர்ப்பட்டவரை ஒரு மாட்னிக்காகக் கொன்றுவிட்டேனே என்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அதைத் துக்கம் என்று நினைத்தாளோ என்னவோ, மாமியார் பாலைச் சுடவைத்துக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் போயிற்று. பங்குனி உற்சவம் வந்தது. சுவாமி கடலில் தீர்த்தமாடப் போகிற ஆராட்டுக்கு முதல் நாள் காலை பதினோரு மணி இருக்கும், மாமனார் கோயிலில் இருந்தார். வாசலில் ஒரு குரல் கேட்டது.

"குழந்தை இருக்காளா? நான் அவ அப்பாவுக்கு அத்தை பிள்ளை. போஸ்ட்மாஸ்டர். ஆராட்டுப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் அடுக்களையில் அம்மியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கதவைத் திறந்தது மாமியார். என் காதில் நாகர்கோவில் பஸ் இரைகிறது. அப்பாவின் முகம், அம்மாவின் அழுகை, எல்லாம் கண்முன்னால் வந்துவிட்டன.

"வாங்கோ, வாங்கோ. கால் அலம்பிக்கோங்கோ" என்றாள் மாமியார். பிறகு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "உன் மாமா வந்திருக்கார். செத்துப்போய் ரெண்டு மாசம் ஆச்சு, பாவம், நல்ல பசியாயிருக்கும். இலையைப் போடு" என்றாள்.

நான் அவள் காலில் விழப்போனேன். அவள் நகர்ந்துகொண்டாள். "மதி, மதி, போறும். எத்தனை பேர்டீ ஆச்சு இதுவரைக்கும்?"

"ஆறு."

"ஆறா? நான் அஞ்சுன்னு நெனச்சேன். அந்தத் தூத்துக்குடிக்காரருக்கு நிஜமாவே ரெண்டு சொட்டு அழுதேனே. அதுவும் பொய்தானா?"

அப்போதும் எனக்கு அவள் கோபம் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்ன, கோபமே இல்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு காகிதக் கட்டை எடுத்தாள். சாலைக் கடையில் மல்லியும் மிளகும் மடித்துக் கொடுக்கிற காகிதங்கள். எல்லாம் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகத்தின் தாள்கள். ஒவ்வொன்றையும் மடிப்பு நீக்கி, தடவி, அடுக்கி வைத்திருந்தாள். பெருங்காய வாசனை தூக்கியது.

"பாட்டெல்லாம் எனக்குப் பாடம். என்ன மெட்டுன்னுதான் அறியமாட்டேன்" என்றாள். "சின்ன வயசிலே ஒருதரம் கூடாரத்துலே பார்த்தேன். ஒரு ரயில் வந்தது, போச்சு. அவ்வளவுதான். படம் பேசறதை நான் இதுவரைக்கும் கேட்டதில்லை. நீ ஆறு பேரைக் கொன்னியே, ஒருதரமாவது என்னைக் கூப்பிட்டியா?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் வாழைப்பூவை ஆய்ந்துகொண்டே அழுதோம்.

கூடத்தில் மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே எட்டிப் பார்த்தார். "நான் எதுக்காகச் செத்தேன்? படம் நன்னாவாவது இருந்ததா?" என்று கேட்டார்.

"ரொம்ப நன்னா இருந்தது, மாமா."

"அப்போ சரி."

அதற்குள் மாமனார் வந்துவிட்டார். புது ஆளைப் பார்த்தார். எந்த ஊர், என்ன உறவு என்று விசாரித்தார். என் அப்பாவின் அத்தை பிள்ளை என்றதும் அவர் நெற்றி சுருங்கியது. "அவர் போயிட்டதா இல்லியோ சொன்னா?"

மாமியார் மோரை ஊற்றிக்கொண்டே, "போனது இவரோட தம்பின்னா. இவர் அண்ணா" என்றாள்.

மாமா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "ஆமாம், தம்பி போயிட்டான்."

"ரொம்ப நல்ல மாதிரின்னு கேள்வி" என்றார் மாமனார்.

"அவனைப் போல இன்னொருத்தனை நான் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டு மாமா இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் அடுக்களைக்குள் ஓடி வாயில் புடவையைத் திணித்துக்கொண்டேன். ஆராட்டு ஊர்வலம் சங்குமுகத்துக்குக் கிளம்பிப்போவதைப் பார்த்துவிட்டு மாமா ஊருக்குப் புறப்பட்டார். பஸ் ஏறுவதற்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க ஊர்ப் பக்கம் கொட்டகை கிடையாது. என்னை எத்தனை தடவை வேணுமானாலும் கொன்னுக்கோ. ஆனா பார்க்கிற படத்தோட கதையை எனக்கு ஒரு கார்டிலே எழுதிப் போட்டுடணும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமைக்கு யார் சாவது என்பதை மாமியாரே முடிவு பண்ணினாள். என் உறவுக்காரர்கள் செத்தால் அவள் முழுக வேண்டியதில்லை, அவளுக்கு அவள் வழி ஆள் வேண்டும். சுசீந்திரத்தில் ஒரு அத்தங்கா, அத்தை பெண், இருந்தாள். கல்யாணத்தில் இரவல் வாங்கின ஒட்டியாணத்தை நசுக்கிக் கொடுத்தவள். "அவளைக் கொல்றதிலே எனக்கு ஒரு சங்கடமும் இல்லை" என்றாள்.

மாமியாரோடு பார்த்த அந்த முதல் படம், மறுபடி கொண்டுவந்து போட்ட பழைய படம். அதை நான் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாட்டு ஆரம்பித்ததும் என் கையைப் பிடித்தாள். "இதான் மெட்டா? இதான் மெட்டா?" என்று கேட்டவள், இரண்டாம் அடியிலிருந்து கூடவே பாட ஆரம்பித்துவிட்டாள். மல்லிக் காகிதத்தில் படித்த அடிகள் ஒன்றுவிடாமல் வந்தன. தாள் கிழிந்த இடத்தில் மட்டும் நிறுத்திக்கொண்டாள். திரையில் சுவாமி வந்தபோது எழுந்து நின்று கும்பிட்டாள். பின்னால் இருந்த மலையாளத்துக்காரி படம் மறைக்கிறதென்று "இரிக்கணே அம்மா, காணான் வய்யா" என்று சத்தம் போட்டாள். கெட்டவன் பால் கிண்ணத்தில் விஷத்தைக் கலந்தபோது, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, "குடிக்காதே கண்ணே, அவன் ஆகாதவன்" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். கதாநாயகி குடித்துவிட்டாள். மாமியார் வீடு வரும்வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே வந்தாள். குளத்தில் இறங்கியும் முழுக மறந்து, தண்ணீரில் தாளம் போட்டுக்கொண்டு நின்றாள். நாற்பத்தெட்டு வயசு அவளுக்கு. அன்றைக்கு என்னைவிடச் சின்னவளாக இருந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம், எத்தனை படம்! யுத்தம் வந்தது, சீனி அகப்படவில்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றோம். படங்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. மாமியார் வழியில் ஒரு தலைமுறையே போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கார்டை எடுத்து, எறும்பு எழுத்தில் ஓரம் வரைக்கும் கதை முழுவதையும் மாமாவுக்கு எழுதுவேன். மறுநாள் காலை மாமனார் குடையை எடுக்கும்போது நீட்டுவேன். கோயிலுக்குப் போய்விட்டுப் பழவங்காடிப் பிள்ளையாரையும் பார்ப்பவர், அந்தப் பக்கத்துத் தபால் பெட்டியில் போட்டுவிடுவார். "அவர் பிறத்தியார் கடுதாசியைக் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டார், பயப்படாதே" என்று மாமியார் தைரியம் சொல்லியிருந்தாள்.

மாமாவின் பதில் இரண்டே வரி இருக்கும். "கதை சுமார். இதற்கு உன் மாமியாரின் சித்தப்பா செத்தது வீண்." "நல்ல கதை. இதற்கு நானே ஒருதரம் செத்திருப்பேன்." தபால்காரன் கொண்டுவருவதை வாசலில் வாங்கி உள்ளே கொடுப்பதும் மாமனார்தான். முகத்தில் ஒன்றும் தெரியாது. கொடுத்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு நாங்கள் சினிமாவுக்குப் போவதாக இல்லை. மன்னியின் சித்திக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லை என்று மாமியார் கரமனைக்குப் போயிருந்தாள். மாமனார் சாயங்காலச் சேவைக்குக் கிளம்பிவிட்டார். தபால்காரன் வந்தான். நானே போய் வாங்கினேன். கார்டின் மூலையில் கறுப்புத் தடவியிருந்தது. மாமா வேலை பார்த்த தபாலாபீஸிலிருந்து யாரோ எழுதியிருந்தார்கள். மூன்று நாள் ஜுரம். அவ்வளவுதான்.

அந்த மாதிரிக் கார்டை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே நின்று கிழித்துப் போட்டேன். கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டேன். பின்கட்டுப் படியில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. சனிக்கிழமை, ஈரத்தலை, விளக்கு வைக்கிற நேரம். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

மாமியார் கொல்லை வழியாக வந்தாள். என் தலையைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"ஏண்டீ, என்னை விட்டுட்டா போனே? என்ன படம்?"

"மாமா" என்றேன்.

"அவரைத்தான் முன்னாலேயே கொன்னாச்சே" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைக் கிட்ட வந்து பார்த்தாள். திரும்பிக் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்துத் தன் தலையில் விட்டுக்கொண்டாள். சம்பந்தி வீட்டு உறவு. அவளுக்கு அந்த முழுக்குக் கிடையாது. தெரிந்துதான் செய்தாள். ஈரப்புடவையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மாமனார் கோயிலிலிருந்து வந்தவர், விளக்கில்லாமல் கிடந்த கூடத்தைத் தாண்டிப் பின்கட்டுக்கே வந்துவிட்டார். இரண்டு ஈரத்தலையையும் பார்த்தார். குடையைச் சுவரில் சாய்த்தார்.

"இன்னிக்கு ரெண்டு பேருமா?" என்றார். "படம் கொள்ளாமா? நன்னா இருந்ததா?"

மாமியார் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்த இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுவது என்று அதைத்தான் சொல்வார்கள் போல. "மாமா போயிட்டார்ப்பா" என்றேன்.

அவர் "அண்ணாவா, தம்பியா?" என்று கேட்டார்.

மாமியார்தான் மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"கார்டுன்னா மூடி ஒட்டியா இருக்கு? பழவங்காடி போய்ச் சேரறதுக்குள்ளே கதை முடிஞ்சுடும்" என்றார். "அவர் எழுதற ரெண்டு வரிக்காகத் தபால்காரனைப் பார்த்துண்டு இருப்பேன்."

"பின்னே ஏன் ஒண்ணும் கேக்கலை?"

"கேட்டா, சொன்ன சொல்லுக்கு உங்க ரெண்டு பேரையும் பஸ் ஏத்தணும். கேக்காமல் இருந்தா ஏத்தண்டாம்" என்றார் மாமனார். மேல்துண்டை எடுத்துக் கொடியில் போட்டார். கிணற்றில் வாளியை இறக்கினார். அவருக்கும் அந்த முழுக்குக் கிடையாது. மூன்று வாளி ஊற்றிக்கொண்டு, தலையைத் துவட்டிக்கொண்டே, "பாயசத்தை அவரைப் போல ரசிச்சுச் சாப்பிட்டவா கிடையாது" என்றார். பிறகு, "அடுத்த சனிக்கிழமை போயிட்டு வாங்கோ. யாரும் சாகண்டாம்" என்று சொல்லிவிட்டு விளக்கேற்ற உள்ளே போனார்.

போனோம். யாரையும் கொல்லாமல், கரமனை என்று பொய் சொல்லாமல், வாசல் வழியாக இறங்கிப் போனோம். மாமியார் தலையில் பூ வைத்துக்கொண்டாள். மன்னிக்கு நம்பவே முடியவில்லை. நல்ல படம், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மறுநாள் பழக்கம் போலக் கார்டை எடுத்து உட்கார்ந்தேன். எறும்பு எழுத்தில் ஓரம் வரைக்கும் கதையை எழுதி முடித்து, விலாசம் எழுதத் திருப்பினபோதுதான் நினைவு வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை மாமனார் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார். இறங்கினவர் நின்று, என் பக்கம் கையை நீட்டினார்.

"கார்டு?"

விலாசம் இல்லாத கார்டைக் கொடுத்தேன். அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தெருமுனை திரும்புவதற்குள் படிக்க ஆரம்பித்துவிட்டார்.